வலி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் அபின்!

"இடுப்பு விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்கண்ணா. வலிக்கு நல்லதா ரெண்டு மாத்திரை குடுங்க!"

பவானி கடைவீதி என்றில்லை, ஈரோடு மாவட்டத்தில் எந்த ஊர் மருந்துக் கடை முன்னால் சாயங்காலம் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். ஜமக்காளத் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தவர், மஞ்சள் மூட்டை தூக்கியவர், விடிகாலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டு கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் பெண்... எல்லோருக்கும் வலி. எல்லோருக்கும் அவசரம். டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தால் அரை நாள் கூலி போச்சு. அதனால் மருந்துக் கடைக்காரரே டாக்டர். சின்ன கவரில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக வெட்டியது ஒன்று. பெயர் கிடையாது. அட்டை கிடையாது. "நல்லா கேக்குதுங்க" என்ற ஒரே சர்ட்டிஃபிகேட்தான்!

ஒரு வேளை, இரண்டு வேளை பாராசிட்டமால் போட்டுக்கொள்வதில் பெரிய தப்பில்லை. "போன தடவை குடுத்தீங்களே, அந்த ஸ்ட்ராங் மாத்திரையே குடுங்க" என்று பெயர் தெரியாத ஒன்றை நீங்கள் தேடிப்போக ஆரம்பிக்கிறீர்களே, அங்கேதான் கதை மாறுகிறது. அந்த 'ஸ்ட்ராங்' எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கசகசாவின் உறவுக்காரர்

உங்கள் வீட்டில் குருமாவுக்கு அரைக்கக் கசகசா வைத்திருப்பீர்கள். அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். (விதையில் போதை இல்லை, பயப்படாமல் குருமா வையுங்கள். ஆனால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் பிள்ளைக்குக் கசகசாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.) மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசு லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் அபின் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசுத் தொழிற்சாலைகளுக்கு அது போகிறது. அபினிலிருந்து பிரிப்பவற்றில் ஒன்று மார்ஃபின். இன்னொன்று கோடீன். 1832-ல் ரொபிக்கே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கோடீனைத் தனியே பிரித்தெடுத்தார்.

கோடீன் தன் சொந்த பலத்தில் பெரிய வலி நிவாரணி இல்லை. வயிற்றுக்குள் போய், கல்லீரலுக்கு வந்து, அங்கே அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு மார்ஃபினாக மாறுகிறது. வேலை செய்வது பெரும்பாலும் அந்த மார்ஃபின்தான்! இந்த மாற்றத்தைச் செய்கிற என்ஸைம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அது பரம்பரை சமாச்சாரம். சிலருக்கு அந்த என்ஸைம் ஏறக்குறைய வேலையே செய்யாது. "மாத்திரை கேக்கலையே" என்று இன்னும் ரெண்டு போடுவார்கள். வேறு சிலருக்கோ அது அசுர வேகத்தில் ஓடும். சாதாரண டோஸே அவர்களுக்கு அதிக டோஸ் ஆகிவிடும். யார் எந்த ரகம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்களும் உங்கள் தங்கச்சியும்கூட வேறு வேறு ரகமாக இருக்கலாம். அவளுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையை நீங்கள் வாங்கிப் போட்டுக்கொள்வது எவ்வளவு விபரீதம், பாருங்கள்!

நம் ஊரில் கோடீன் அதிகம் இருந்தது இருமல் சிரப்புகளில். வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு சேர்ந்து வருவதும் உண்டு. வெளிநாடுகளில் ஐபுப்ரோஃபெனோடும் சேர்த்து விற்கிறார்கள். லண்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் "ஃபாரின் மாத்திரை, சூப்பரா கேக்கும்" என்று விட்டுப்போகும் டப்பாவில் அது இருக்கக்கூடும். நம் கடைகளில் இதைவிட அதிகமாகப் புழங்குவது டிரமடால்-பாராசிட்டமால் கலவை. டிரமடால் ஆலையில் தயாராகும் மருந்து. அபின் காயில் பிறந்ததில்லை. ஆனால் மூளையில் போய்த் தட்டும் கதவு அதே கதவுதான். டிரமடாலுக்கு இன்னொரு கெட்ட குணம், அதிகமானால் வலிப்பு வரும். ஆகவே இனி படிக்கப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கூட்டாளியால் வரும் கேடு

கலவை மாத்திரையில் ஆபத்து இரட்டை. கோடீன் பழக்கத்தை உண்டாக்கும். உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் கூட்டாளி! எப்படி என்கிறீர்களா?

கோடீன் போகப் போக உடம்புக்குப் பழகிவிடும். முதல் மாதம் ரெண்டு மாத்திரையில் கிடைத்த சுகம் மூன்றாம் மாதம் நாலு கேட்கும், பிறகு எட்டு, பிறகு பதினாறு. கோடீனுக்காக எண்ணிக்கையை ஏற்றும்போது கூடவே இருக்கிற பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்து ஏறுகின்றன. கோடீனை உடம்பு பழக்கிக்கொள்ளும். பாராசிட்டமாலைக் கல்லீரலோ, ஐபுப்ரோஃபெனை இரைப்பையோ பழக்கிக்கொள்ளாது.

2010-ல் ஆஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 27 பேரின் கதை வெளிவந்தது. விக்டோரியா மாநிலத்தில், டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிய ஐபுப்ரோஃபென்-கோடீன் மாத்திரையால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென், 12.8 மில்லிகிராம் கோடீன். அட்டையில் போட்டிருந்த உச்ச வரம்பு நாளைக்கு 6 மாத்திரை. இவர்கள் விழுங்கியது சராசரியாக நாளைக்கு 34 முதல் 47 வரை! கைப்பிடி கைப்பிடியாகப் பொரியைப் போல... இரைப்பையில் ஓட்டை, ரத்தக்கசிவு, ரத்தசோகை, சிறுநீரகச் செயலிழப்பு, பொட்டாசியம் தரைமட்டம். தசைகள் சோர்ந்து நடக்க முடியாமல் வந்தால் வாதநோய் என்றுதான் முதலில் தோன்றும். இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் போதையின் பக்கமே போகாத சாதாரணக் குடும்பத்து மனிதர்கள். ஏதோ ஒரு வலிக்காக ஆரம்பித்தவர்கள். 2018 பிப்ரவரி 1 முதல் ஆஸ்திரேலியாவில் கோடீன் உள்ள எந்த மருந்துக்கும் டாக்டர் சீட்டு கட்டாயமாகிவிட்டது. பிரான்ஸ் அதற்கு முந்தைய வருடமே அந்த முடிவை எடுத்தது. 2022-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இந்தக் கலவையால் சிறுநீரகம், குடல் கெட்டு உயிரிழப்பு வரை போவதாக எச்சரித்தது.

பாராசிட்டமால் கூட்டாளி இன்னும் நயவஞ்சகம். நல்ல ஆரோக்கியம் உள்ள பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. ஒல்லியானவர்கள், குடிப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு அதுவே அதிகம். கோடீன் மோகத்தில் 20 மாத்திரை போட்டால் 10 கிராம் ஆயிற்று. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வாந்தி, குமட்டல், அவ்வளவுதான். இரண்டாம் நாள் "பரவாயில்லைங்க, தேவலாம்" என்றுகூடச் சொல்வார்கள். மூன்றாம், நான்காம் நாள் கண் மஞ்சளாகி, நினைவு தப்பும். கல்லீரல் கைவிட்டிருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காப்பாற்றும். அதனால்தான், யாராவது கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், "நல்லாத்தானே இருக்காரு, காலைல பார்த்துக்கலாம்" என்று தூங்கப்போகவே கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வலிக்கு ஒரு கலவை மாத்திரை, காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒரு மாத்திரை என்று மூன்றும் ஒரே நாளில் போட்டால், மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம்.

மூச்சு மறந்துபோகும்

அபின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கொலைக்குணம் உண்டு. மூச்சுவிடச் சொல்லி மூளை கொடுக்கும் உத்தரவை அவை மந்தமாக்கும். தனியாக, சரியான அளவில் இருக்கும்போது பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஆனால் வேலை முடிந்து வருகிற வழியில் டாஸ்மாக்கில் ஒரு 'கட்டிங்', வீட்டுக்கு வந்து வலிக்கு ரெண்டு மாத்திரை, தூக்கம் வரவில்லை என்று ஒரு அல்பிரஸோலம்... மூன்றும் சேர்ந்தால்? ராத்திரி பலத்த குறட்டை விட்டவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்பதுதான் கதையின் முடிவாக இருக்கும். ஆஸ்துமா, நுரையீரல் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் வியாதி உள்ளவர்களுக்கு மது இல்லாமலேயே ஆபத்து.

12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் அறிவித்தது. டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் சாதாரண டோஸிலேயே மூச்சு நின்று இறந்த சம்பவங்கள்தான் காரணம். பால் கொடுக்கும் தாய்மார்களே, உங்களுக்கும் அதே எச்சரிக்கை! நீங்கள் சாப்பிட்டது பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை பால் குடிக்க எழுந்திருக்காமல் அளவுக்கு மீறித் தூங்கினால் "சமத்துப் பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை மிஞ்சிப்போனது என்று எப்படித் தெரியும்? தட்டினாலும் கிள்ளினாலும் எழுந்திருக்க மாட்டார். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கும். மூச்சு நிமிஷத்துக்குப் பத்துக்கும் குறைவாக, விட்டு விட்டு வரும். உதடு நீலம் பாயும். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். மூச்சு இருந்தால், வாந்தி வந்தாலும் புரையேறாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரும் எலுமிச்சம்பழச் சாறும் காபியும் வாயில் ஊற்றவே வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தப்பு. நலோக்ஸோன் என்ற ஊசி இந்த விஷத்தை நிமிஷத்தில் முறிக்கும். அது ஆஸ்பத்திரியில் கிடைக்கும். சீக்கிரம் போய்ச் சேருவதுதான் உங்கள் வேலை.

தலைவலிக்குப் போட்டு வந்த தலைவலி

இது நம் வீட்டுப் பெண்களுக்கு. தலைவலிக்கு அடிக்கடி கலவை மாத்திரை போடுகிறீர்களா? மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலைமை வரலாம். காலையில் எழும்போதே வலி. மாத்திரை போட்டால் அடங்கும். வேகம் குறைந்ததும் மறுபடி வலி. "எனக்கு ஒத்தைத் தலைவலி முத்திப்போச்சு" என்று நினைப்பீர்கள். முற்றியது மாத்திரைப் பழக்கம்.

இடுப்பு வலிக்காரர்களுக்கும் இதே குழப்பம்தான். சில வாரம் தொடர்ந்து போட்டுவிட்டு ஒரு நாள் நிறுத்தினால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், புல்லரிக்கும், வயிற்றால் போகும், ராத்திரி பொட்டுத் தூக்கம் இருக்காது. "பார்த்தீங்களா, மாத்திரையை நிறுத்தினதும் வலி வந்துருச்சு" என்று திரும்பவும் கடைக்கு ஓடுவார்கள். அது பழைய வலி இல்லை. உடம்பு கோடீனைக் கேட்டு அழும் அழுகை. கூடவே தீராத மலச்சிக்கலும் இருந்தால் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

சிவப்புக் கட்டம் இருக்கிறதா, பாருங்கள்!

2014 மார்ச் முதல் 'ஹெச்1' என்ற தனிப் பட்டியல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கோடீனும் டிரமடாலும் அதில் உண்டு. இந்த மாத்திரை அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனி ரிஜிஸ்தரில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கவரில் வெட்டிப் போட்டுத் தரும் மாத்திரையில் சிவப்புக் கட்டம் எங்கே தெரியப்போகிறது? அட்டையோடு கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

போதைப்பொருள் சட்டத்தில் கோடீனுக்கு ஒரு விலக்கு உண்டு. வேறு மருந்தோடு கலந்து, ஒரு டோஸுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், மருத்துவத்துக்கென்றே இருந்தால் அது சாதாரண மருந்து. கள்ளத்தனமாக மூட்டை மூட்டையாகக் கடத்தினால் அந்த விலக்கு காப்பாற்றாது. கோடீன் இருமல் சிரப் விஷயத்தில் மத்திய அரசு 2016 மார்ச்சில் 344 கலவை மருந்துகளைத் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் அந்த டிசம்பரிலேயே தடையை உடைத்தன. 2023 ஜூனில் 14 கலவைகளுக்குத் தடை வந்தபோது கோடீன்-குளோர்பெனிரமின் சிரப்பும் அதில் இருந்தது. டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீனும் டிரமடாலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டும், அந்நாட்டு சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் இல்லாமல் பெட்டியில் வைத்துப்போனால் ஏர்போர்ட்டிலேயே சிக்கல். "மாப்ள, அங்க முதுகு வலிக்கு மாத்திரை கெடைக்காதாம், கொண்டாந்து குடு" என்று நண்பர் கேட்டாலும் சரி, மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

நம்ம பக்கத்தில் ஓடும் இன்னொரு மாத்திரை

கோடீனைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதில் பாதி வீண். ஈரோடு, கோவை, திருப்பூர் பக்கம் சமீப வருடங்களில் "போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது" என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறீர்களே, அவற்றில் பெரும்பாலும் பிடிபடுவது டேபென்டடால் என்ற வலி மாத்திரை. ஆபரேஷன் வலி, நரம்பு வலிக்கு டாக்டர்கள் எழுதும் நல்ல மருந்து. அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றுகிறார்கள் பையன்கள். அவர்களில் பலர் இருபது வயதைக்கூடத் தாண்டாதவர்கள்.

விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர மாவும் டால்க் பவுடரும் இருக்கும். அவை ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து, கை அழுகும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் ஹெச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் பகிரப்படும். இது புதுக் கதையும் இல்லை. மிசோரத்திலும் நாகாலாந்திலும் டெக்ஸ்ட்ரோபுரொப்பாக்ஸிஃபீன் என்ற வலி மருந்துக் கேப்ஸ்யூலைப் பிரித்து இப்படித்தான் ஏற்றிக்கொண்டார்கள். கை கால்களை இழந்தவர்கள் உண்டு. 2013 மே மாதம் அந்த மருந்தையே நாட்டில் நிறுத்திவைத்தார்கள். 2025 பிப்ரவரியில் டேபென்டடால்-காரிசோப்ரோடால் கலவையைத் தயாரித்து ஏற்றுமதி செய்யக் கொடுத்த அனுமதிகளும் ரத்தாயின. மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களை அது சீரழித்தது வெளியே வந்த பிறகு!

எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, நூறு இந்தியர்களில் ஏறக்குறைய ஒருவர் மருந்துக் கடைச் சரக்கான இந்த வகை மருந்துகளை உபயோகிக்கிறார். ஹெராயின் உபயோகிப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமான எண்ணிக்கை.

உங்கள் பையன் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிகிறானா? பாத்ரூமில் நேரம் அதிகமாகிறதா? சட்டைப்பையில் காலி அட்டை, வீட்டில் யாருக்கும் சர்க்கரை வியாதி இல்லாமலேயே சிரிஞ்ச்? அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள். "கண்ணு, என்ன ஆச்சு, எங்கிட்டச் சொல்லு" என்று உட்கார்ந்து கேளுங்கள். அடிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினால் உங்களால் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

வலிக்கு என்னதான் வழி?

வலியைப் பொறுத்துக்கொண்டு கிடங்கள் என்று சொல்ல வரவில்லை. தறி வேலையோ தையல் வேலையோ, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானே குறையும். அதுவரை தேவைப்பட்டால் பாராசிட்டமால், அளவோடு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைக் கேட்காமல் தொடக் கூடாது. கால் மரத்துப்போவது, கால் பலவீனமாவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

டாக்டரே கோடீனோ டிரமடாலோ எழுதிக்கொடுத்தால்? பயந்து தூக்கிப்போட வேண்டாம். எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று கேட்டு, அந்த நாளோடு நிறுத்துங்கள். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபினே கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். "பழகிடும், வேண்டாம்" என்று வீட்டார் அதைத் தடுப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. மிச்சமான மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானமும் செய்யாதீர்கள்.

மாதக்கணக்கில் பழகிவிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். படிப்படியாகக் குறைக்கவும், தேவையானால் புப்ரினார்ஃபின் கொடுத்துப் பழக்கத்திலிருந்து இறக்கவும் டாக்டர்களால் முடியும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பவானியிலிருந்து ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையும், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் பஸ் தூரம்தான். மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். போன் வசதிக்கு மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளை, காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறீர்கள் என்ற கணக்கைக் குறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எந்தெந்த ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.